கப்பல் கதவும் நான்காவது திருகும்

1. கதவுக்கு வெளியே

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் மூத்த மகள் கோமதி ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டாள். ஜன்னல் இல்லாத அறை. கதவில் இருந்தது நான் செய்த பூட்டு. சாவி ஊரில் இல்லை. திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவன், கருவிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்றேன். என்னால் திறக்க முடியவில்லை.

இன்றும் அவள் வீட்டுக்கு வர ஐந்து நிமிஷம் தாமதமானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறேன். இருந்தாலும் நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

பூட்டு செய்கிறவர்கள் எப்போதும் கதவுக்கு வெளியே நின்றுதான் யோசிக்கிறோம். திருடன் எங்கே கம்பியை விடுவான், பூட்டுக்குள் இருக்கும் எந்த லீவர் தகட்டைத் தூக்குவான் என்று அவன் நிற்கும் பக்கத்திலேயே நிற்கிறோம். கதவுக்கு உள் பக்கம் ஒன்று உண்டு என்பதை எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் சொன்னவர் ஃபோர்மேன் காதர் மைதீன் பாய். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு கப்பல்.

2. முதல் நாள்

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். குஜிலியம்பாறைக்குக் கிழக்கே எங்களுக்கு மானாவாரிக் காடு. இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் மழை ஏமாற்றியது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன். கல்யாணமாகிக் கோமதிக்கு நாலு வயது. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் கணக்குத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். வந்த இடத்தில் அரம் பிடிக்கும் வேலைதான் இருந்தது. சரி என்று சேர்ந்துவிட்டேன்.

ஃபோர்மேன் என்றதும் தலை நரைத்த ஒருவரை எதிர்பார்த்தேன். காதர் பாய்க்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் அதிகம் இருக்கும். கட்டையான உடம்பு. நடக்கும்போது இரண்டு காலையும் அகட்டி வைத்து நடப்பார். கப்பலில் நடந்த பழக்கம் என்று பிறகு தெரிந்தது. என் பெயரைக் கேட்டார். சுப்பையா என்றேன். பின்னால் இருக்கும் சாமான் அறையிலிருந்து பெரிய அரத்தை எடுத்து வரச் சொன்னார். உள்ளே போனேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. உள் பக்கம் பிடியோ சாவித் துவாரமோ கிடையாது. ஒரு பெட்டிப் பூட்டு மட்டும் கதவில் இருந்தது. வெளியே பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்று, சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பாய், கதவு சாத்திக்கிச்சு."

"தெரியுது. திறந்துக்கிட்டு வா."

"உள்ள பிடி ஒண்ணும் இல்லையே."

"கையி இருக்குல்ல? தடவிப் பாரு. எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அரை மணி நேரம் இருக்கும். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. அதற்குப் பிறகு வந்ததற்குப் பெயர் தெரியவில்லை. வெளியே பத்துப் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் மூச்சு முட்டியது. கடைசியில் அவரே கதவோரம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"பூட்டோட மூடித் தகட்டுல நாலு திருகு இருக்கும். கீழ, எடது பக்கத்துல இருக்குறது திருகு இல்ல. பெருவிரல வச்சு அமுக்கு."

அமுக்கினேன். பூட்டின் நாக்கு உள்ளே போய்க் கதவு திறந்தது. வெளியே வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டார். வேர்த்துவிட்டது என்றேன்.

"அம்புட்டுத்தான். அத மறக்காத. இப்ப போயி அரத்த எடுத்துட்டு வா."

பட்டறைக்கு வருகிற ஒவ்வொரு புது ஆளுக்கும் இந்த மரியாதை நடந்தது. ஆள் உள்ளே போகக்கூடிய அறைக்கு எந்தப் பூட்டுச் செய்தாலும் அதில் அந்த நான்காவது திருகு இருக்க வேண்டும் என்பது பாயின் சட்டம். பார்வைக்கு மற்ற மூன்றைப் போலவே தலையில் வெட்டு இருக்கும். பின்னால் ஒரு ஊசித் தண்டும் ஸ்பிரிங்கும். அமுக்கினால் தண்டு போய் நாக்கைப் பின்னால் தள்ளும். வாங்குகிறவரிடம் அதைச் சொல்லிக் காட்டிவிடுவோம். சிலர் பாராட்டினார்கள். சிலர் இது எதற்கு வீண் வேலை என்றார்கள்.

3. நம்ம கப்பல்

பாயின் குடும்பம் பேகம்பூரில் தோல் தொழிலில் இருந்த குடும்பம். சுண்ணாம்புக் குழி வாடை பிடிக்காமல் பதினாறு வயதில் பம்பாய்க்கு ஓடிப் போனவர். அங்கே ஒரு பெரிய பயணிகள் கப்பலில் மிஸ்திரிக்கு, அதாவது கப்பல் தச்சருக்கு, கையாளாகச் சேர்ந்தார். கதவு, பூட்டு, அலமாரி எல்லாம் அவர் பொறுப்பு. கப்பலுக்கு ஒரு நீண்ட இங்கிலீஷ் பெயர் உண்டு. பாய் அதைச் சொல்ல மாட்டார். "நம்ம கப்பல்" என்றுதான் சொல்வார்.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு உட்காரும்போது யாராவது கேட்டால் சொல்வார். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது. ஆறு மாடி உயரம். சீமாட்டிகள் நடனம் ஆட வழவழவென்று மெழுகு தேய்த்த தரை. ஆள் உயரக் கண்ணாடிகள். சாப்பாட்டு ஹாலின் மேல்கூரையில் தங்கப் பூச்சுக் கொடிகள். குளிக்கிற தொட்டிக்குக்கூடப் பித்தளைக் கால்கள்.

யுத்தம் வந்ததும் சர்க்கார் அந்தக் கப்பலை எடுத்துக்கொண்டது. சரக்குக் கப்பல்கள் கூட்டமாகப் போகும்போது கூடவே காவலாகப் போக வேண்டும். அதற்குப் போர்க்கப்பல்கள் போதவில்லை. துறையில் கட்டிவைத்து ஆறு வாரம் வேலை நடந்ததாம். கண்ணாடிகளைக் கழற்றினார்கள். வெள்ளைக் கப்பலுக்குச் சாம்பல் நிறம் அடித்தார்கள். நடன ஹாலின் தரையைத் துளைத்து இரும்புத் தூண் நட்டு, அதன் தலைக்கு மேல், சீமாட்டிகள் உலாவிய இடத்தில், பீரங்கியை வைத்தார்கள். பீரங்கிக்கு வயது பாயின் வயதைவிட அதிகமாம். சாப்பாட்டு ஹாலில் குண்டுகளை அடுக்கினார்கள். மேல்கூரைத் தங்கக் கொடிகளைக் கழற்ற நேரமில்லை. அவை அப்படியே இருந்தன.

"அடிச் சரக்கு அறை பூராவும் காலி டிரம். வாய அடச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனோம். பக்கத்துல ஓட்ட விழுந்தாலும் முங்கக் கூடாதுல்ல. தண்ணி வார எடத்துல டிரம்மு இருந்தா தண்ணி எங்கிட்டுப் போகும்?"

இதைச் சொல்லும்போது பாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த யோசனை தனக்கே தோன்றியதைப் போல இருக்கும்.

கப்பல் படைக்காரர்கள் வந்ததும் பழைய ஆட்களில் பாதிப் பேரைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். பாயை வைத்துக்கொண்டார்கள். அவருக்குக் கொடுத்த முதல் வேலை பூட்டுகளைக் கழற்றுவது. நானூறுக்கு மேல் அறைகள். படை அதிகாரி ஒருவர் அவரை ஓர் அறைக்கு முன்னால் நிறுத்தி விளக்கினாராம். குண்டு விழுந்தால் கப்பலின் உடம்பு முறுக்கிக்கொள்ளும். கதவுச் சட்டம் கோணினால் பூட்டின் நாக்கு சட்டத்துக்குள் கடித்துக்கொள்ளும். பிறகு சாவி இருந்தும் பிரயோஜனமில்லை. எனவே எந்தக் கதவிலும் பூட்டு வேண்டாம். அதோடு ஒவ்வொரு கதவின் கீழ்ப் பலகையையும் அறுத்து, உள்ளேயிருந்து காலால் உதைத்தால் விழுகிற மாதிரி லேசாக வைக்க வேண்டும். பாய் ஒரு வாரத்தில் நானூறு பூட்டுகளையும் கழற்றிச் சாக்கில் கட்டினார்.

பிறகு கடல். சரக்குக் கப்பல்கள் முப்பது, சில சமயம் நாற்பது, வரிசையாகப் போகும்.

"நம்ம கப்பல் குதிரை, அப்பு. கூட வாரதெல்லாம் மாட்டு வண்டி. குதிரைய மாட்டு வண்டி நடைக்கு நடத்தணும். ஆறு மாடி உசரம். தூரத்துல வார எவன் கண்ணுக்கும் மொதல்ல படுறது நாங்கதான்."

அப்படியானால் ஆபத்துத்தானே என்று நான் ஒரு முறை கேட்டேன்.

"அதுக்குத்தானப்பா அதைக் கூட்டிட்டுப் போறதே. அடிக்கிறவன் எங்கள அடிக்கட்டும். பின்னால கோதுமையும் எண்ணெயும் வருதுல்ல."

ஒரு நாள் காலை, டீ கொடுக்கிற நேரத்தில், முன்பக்கம் டார்ப்பிடோ அடித்தது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த டிரம்கள் தாங்கிக்கொண்டன. சரக்குக் கப்பல்கள் கலைந்து தப்பிப் போகும் வரைக்கும், சாய்ந்த மேல்தளத்தில் ஆட்கள் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நடனம் ஆடக் கட்டிய கப்பல் அப்படி நின்றதை நினைத்தால் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. இரண்டு நாள் நொண்டி நொண்டி ஒரு துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல்கூட மூழ்கவில்லை.

"நம்ம கப்பல் முங்கல அப்பு," என்று பாய் முடிப்பார். ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள். உங்கள் ஆட்கள் யாராவது இறந்தார்களா என்று கேட்டால் பாத்திரத்தைக் கழுவ எழுந்துவிடுவார்.

யுத்தம் முடிந்து அதை மறுபடியும் பயணிகள் கப்பலாக மாற்றினார்கள். கழற்றிய நானூறு பூட்டுகளையும் திரும்பப் பொருத்த பாயைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. திண்டுக்கல்லுக்கு ரயில் ஏறினார்.

4. தோல் மண்டி முதலாளி கேட்ட பூட்டு

நயா பைசா வந்த வருஷம். ஊரில் பெரிய தோல் மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவர் பட்டறைக்கு வந்தார். பதனிட்ட தோல் வைக்கும் அறையில் வாரத்துக்கு ஒரு தோல் குறைகிறது என்றார். மூட்டை தூக்குகிற ஆட்களில் எவனோ சாயங்காலம் உள்ளே ஒளிந்துகொண்டு, எல்லோரும் போன பிறகு எடுத்துக்கொண்டு போகிறான் என்பது அவர் சந்தேகம். அவருக்கு வேண்டியது தானே சாத்திப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. வெளியேயிருந்து சாவி போட்டால்தான் திறக்க வேண்டும். உள்ளே ஒன்றுமே இருக்கக் கூடாது.

பாய் இரும்பைக் கடித்துப் பிடிக்கும் வைஸிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். "ஆளு உள்ள போற ரூமுக்கு நாங்க அப்புடி அடிக்கிறதில்ல."

"ஆளு உள்ள போறதே எந்தோல எடுக்கத்தான் பாய்."

பட்டறை முழுக்கச் சிரித்தது. எங்கள் பட்டறை முதலாளிக்குச் சங்கடம். நல்ல வாடிக்கை. பாயைத் தனியே கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். வேறு யாராவது அடித்தால் தடுக்க மாட்டேன், என் கையால் அடிக்க மாட்டேன் என்று பாய் சொல்லிவிட்டார். நான் செய்கிறேன் என்று முன்னால் வந்தேன்.

பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் ஆசைதான். ஒரு பூட்டை முழுக்க நானே யோசித்துச் செய்ய அதுவரை வாய்க்கவில்லை. ஆறு லீவர். கள்ளச் சாவி விட்டால் கடித்துக்கொள்ளும்படி லீவர்களில் பொய் வெட்டு. கதவோடு சேர்த்துப் பிடிக்கும் போல்ட்டுகளுக்கு உள் பக்கம் தலையை அடித்து நசுக்கிவிட ஏற்பாடு. மூடித் தகட்டில் நாலும் நிஜத் திருகு. மூன்று வாரம் வீட்டிலும் அதே பேச்சு. பாய் அந்த மூன்று வாரத்தில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த ரூமுக்குள்ள நீ நின்னு பாத்தியா?"

"நான் ஏன் பாய் நிக்கணும்? நானா தோல் திருடப் போறேன்?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

எந்தப் பூட்டும் கடைசியில் ஃபோர்மேன் மேஜைக்குப் போய், அவர் பார்த்து முத்திரை குத்திய பிறகுதான் வெளியே போகும். என் பூட்டை அவர் இரண்டு நாள் வைத்துக்கொண்டார். வீம்புக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் முத்திரையோடு வந்தது. எடுத்துக்கொண்டு போய்க் கதவில் பொருத்தினேன். மூடித் தகட்டுத் திருகுகளை நான் தொட வேண்டிய அவசியம் இல்லை. பெரிய போல்ட்டுகளை முடுக்கி நசுக்கினேன், அவ்வளவுதான். தோல் மண்டி முதலாளி பத்து முறை சாத்தித் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். இரண்டு சாவியையும், சாவி வெட்டிய அச்சுத் தகட்டையும் அவரே வாங்கிக்கொண்டார். அச்சைத் தன் முன்னாலேயே அறுத்துப் போடச் சொன்னார். அறுத்துப் போட்டேன்.

அதன் பிறகு ஒரு தோல்கூடக் காணாமல் போகவில்லை என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். எனக்குப் பெருமைதான். குடும்பத்தோடு அந்தத் தெரு வழியாகப் போகும்போது, அதோ அங்கேதான் அப்பா செய்த பூட்டு இருக்கிறது என்று காட்டுவேன்.

பாய் பின்னாளில் கண்ணில் புரை விழுந்து வேலையை விட்டுவிட்டார். கோமதி எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்பும் பாஸ் செய்தபோது, அதே தோல் மண்டி ஆபீஸில் ஒரு பெண் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பெண் பிள்ளையை வெளியே வேலைக்கு அனுப்ப எனக்குப் பயம். என் மனைவிதான் பிடிவாதமாக அனுப்பச் சொன்னாள். ஒரு மாதம் யோசித்தேன். என்னைச் சம்மதிக்க வைத்தது எது என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நம் பூட்டு இருக்கிற இடம், பத்திரமான இடம் என்று நினைத்துக்கொண்டேன்.

5. வெள்ளிக்கிழமை

அன்று காலை முதலாளி தோல் அறையைத் திறந்து கதவுக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு சாவியும் இருந்த கொத்தோடு திருச்சிக்கு பஸ் ஏறிவிட்டார். லாரியில் சரக்கு ஏற்றி முடித்ததும் கல்லை எடுத்துவிட்டால் கதவு தானே பூட்டிக்கொள்ளும், சாவி தேவையில்லை என்பது வழக்கம். லாரி போனது. வெள்ளிக்கிழமை ஆனதால் ஆபீஸில் இருந்தவர்கள் ஜும்மா தொழுகைக்குப் போனார்கள். மூட்டை தூக்கிகள் சாப்பிடப் போனார்கள். மிச்சம் இருக்கும் கட்டுகளின் நம்பரைக் குறித்துக்கொண்டால் மதியம் டைப் அடிக்கலாம் என்று கோமதி உள்ளே போயிருக்கிறாள். கதவு திறந்து கிடப்பதைப் பார்த்த காவல்காரர் கல்லைக் காலால் தள்ளிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஆள் வந்து சொல்லி, சைக்கிளில் போய்ச் சேரும்போது அவள் உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அக்கினி நட்சத்திர வெயில். பூச்சி பிடிக்காமல் இருக்க அந்த அறையில் கிலோக் கணக்கில் அந்துருண்டை போட்டிருப்பார்கள். கதவுக்கு வெளியே நிற்கும்போதே மூக்கில் ஏறும்.

"அப்பா, வந்துட்டீகளா?" என்றாள். நான் வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற குரல்.

வந்துவிட்டேன், செத்த நேரம் பொறு என்றேன். பையைப் பிரித்தேன். எதை எடுப்பது என்று தெரியவில்லை. கம்பி விட்டால் பொய் வெட்டு கடிக்கும். அதை நான்தான் வெட்டினேன். போல்ட்டுகளின் தலை உள்ளே நசுங்கியிருக்கிறது. நான்தான் நசுக்கினேன். சாவி அச்சை நான்தான் அறுத்தேன். கீல் வெளியே தெரியாத கதவு, தேக்குப் பலகை, உள்ளே இரும்புத் தகடு. துளை போட்டு அறுக்க இரண்டு மணி நேரம் ஆகும் என்று சரியாகக் கணக்குப் போட முடிந்தது. அந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. திருச்சிக்கு ட்ரங்க் கால் போட ஒருவரை அனுப்பினேன். துளைக் கருவியைப் பிடித்துத் திருக ஆரம்பித்தேன்.

தலை சுற்றுகிறது என்றாள். பிறகு வாந்தி எடுத்தாள். தரையோடு படுத்துக் கதவிடுக்கில் மூக்கை வைக்கச் சொன்னேன். இடுக்கு இல்லை அப்பா என்றாள். அதுவும் என் வேலைதான். இடுக்கு இல்லாமல் பொருந்தும்படி அடியில் இரும்புப் பட்டை வைத்திருந்தேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. நான் இரண்டு தட்டுத் தட்டினால் அவள் இரண்டு தட்டுவாள். பிறகு ஒன்றுதான் தட்டினாள்.

அப்போதுதான் மூட்டை தூக்கி முனியாண்டி சாப்பிட்டுவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு வந்தான். கூட்டத்தை விலக்கிப் பார்த்தான்.

"பிள்ள உள்ளயா இருக்கு? திருக அமுக்கச் சொல்ல வேண்டியதுதான சார்?"

எந்தத் திருகு என்றேன்.

"அதான், கீழ எடது பக்கத்துல."

"அது இதுல கெடையாது முனியாண்டி. நான் செஞ்ச பூட்டு இது. நாலும் நெசத் திருகு."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஒம்பது வருசமா நாங்க அமுக்கிட்டுத்தான சார் இருக்கோம்."

என்னைத் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டுச் சாவித் துவாரத்தில் வாயை வைத்தான்.

"தாயி. கோமதித் தாயி. நான் முனியாண்டி. எந்திரிச்சுப் பூட்டத் தடவிப் பாரு. நாலு மூலையில நாலு திருகு தட்டுப்படும். கீழ, ஒன் எடது கைப் பக்கம் இருக்குறது. பெருவிரல வச்சு அமுக்கு."

உள்ளே உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நகரல," என்ற குரல்.

"நகரும் தாயி. மறுக்க அமுக்கு."

பூட்டின் நாக்கு நகரும் சத்தம் கேட்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"விரல நம்பாத. உடம்பச் சாச்சு அமுக்கு. ஒன் கோவத்தையெல்லாம் அதுல காட்டு."

டக்கென்று நாக்கு உள்ளே போன சத்தம் கேட்டது. என் காதுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். முனியாண்டி கதவை இழுத்தான். கோமதி வெளியே வந்து அவன் கைகளிலேயே சாய்ந்தாள். சோடா உடைத்தார்கள், விசிறினார்கள். இதையும் எழுதிவிட வேண்டும்: பெற்றவன் நான், அந்த நிமிஷத்தில் என் கண் முதலில் போனது பூட்டின் மேல். கீழ் இடது மூலையில் இருந்த திருகின் தலை மற்ற மூன்றைவிட வழவழப்பாக இருந்தது. ஒன்பது வருஷம் விரல் பட்டுத் தேய்ந்த வழவழப்பு. அதைப் பார்த்த பிறகுதான் மகளைப் பார்த்தேன்.

அவள் தெளிந்து உட்கார்ந்த பிறகு முனியாண்டியிடம் கேட்டேன். முத்திரைக்கு வைத்திருந்த அந்த இரண்டு நாளில் திருகை மாற்றிவிட்ட காதர் பாய், பூட்டு மாட்டிய மறுநாளே வந்து, எதிர்ச் சாயாக் கடையில் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"ஒரு தோலு காணாமப் போனாலும் திருகப் புடுங்கிருவேன்னாக. அதுக்கப்பறம் எவன் தொடுவான்? மொதலாளிக்குத் தெரியக் கூடாதுன்னாக. ஒங்கட்டயும் சொல்ல வேணாம், அது மனசு சங்கடப்படும்னாக. ஆபீஸ்ல இருக்குற பிள்ளதானன்னு இதுகிட்டச் சொல்லாம விட்டுட்டோம். அது எங்க தப்பு சார்."

6. பாய் வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை பூட்டைக் கதவிலிருந்து அறுத்து எடுத்து, பேகம்பூரில் பாய் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது, இன்னொன்றில் வெளிச்சம் மட்டும்தான். நடந்ததைச் சொன்னேன். அவர் பூட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எத்தன தரம் அமுக்குனா?"

"மூணு."

"ஒரு அமுக்குல தெறக்கணும். ஸ்பிரிங்குல எண்ணெ வத்திருச்சு. வருசம் ஒருக்கா போயி விட்டுட்டு வந்துட்டிருந்தேன். கண்ணு போனப்பறம் போகல. தப்பாப் போச்சு."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் இருந்தது அது. என்னால் தாங்க முடியவில்லை. தப்பு என்னுடையது பாய், நீங்கள் சொன்னதை நான் கேலி செய்தேன், என் பிள்ளையைக் கொல்லப் பார்த்த பூட்டை என் கையாலேயே செய்தேன் என்றேன். அவர், பதினான்கு வருஷத்தில் சொல்லாத மிச்சக் கதையைச் சொன்னார்.

கப்பலில் நானூறு பூட்டுகளைக் கழற்றினார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார், அந்தக் கதவின் கீழ்ப் பலகையையும் அறுக்கவில்லை. கம்பளி, போர்வை வைக்கும் அறை. போர்வை களவு போகிறது, அந்த ஒரு பூட்டு இருக்கட்டும் என்று தலைமைப் பரிசாரகர் கேட்டிருக்கிறார். பாயும் சரி என்று, அதைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டு, உள்ளேயிருந்து யாரும் திறக்க முடியாதபடி இன்னும் உறுதியாக்கித் திரும்பப் பொருத்தினார். நல்ல வேலை என்று பாராட்டு வாங்கினார். டார்ப்பிடோ அடித்த காலையில் அந்த அறைக்குள் தூத்துக்குடிக்காரர் ஒருவர் போர்வை எண்ணிக்கொண்டிருந்தார். அந்தோணி என்று பெயர். பாய் சாவியோடு ஓடினார். சாவி திரும்பியது. நாக்கு நகரவில்லை. சட்டம் கடித்துவிட்டது. கீழேயிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"மொதல்ல ரெண்டு ரெண்டாத் தட்டுனான். அப்பறம் ஒண்ணு ஒண்ணாத் தட்டுனான்," என்றார்.

நான் தட்டுச் சத்தத்தைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"கப்பல் முங்கல அப்பு. அது அது வேலையச் சரியாச் செஞ்சுச்சு. நாந்தான் செய்யல. அப்புடி ஒரு பூட்ட மொதல்ல அடிச்சவன் நீ இல்ல."

பூட்டை என் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுத்தாய் என்று பேச்சை மாற்றினார்.

நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அறைக்குப் பூட்டுச் செய்தால், அதைக் கொடுப்பதற்கு முன் அந்த அறைக்குள் போய் நில்லுங்கள். வெளியேயிருந்து வேறு ஒருவரைச் சாத்தச் சொல்லுங்கள். விளக்கு வேண்டாம். உங்கள் விரலாலேயே திறந்து வெளியே வாருங்கள். முடியாவிட்டால் அந்தப் பூட்டைக் கொடுக்காதீர்கள். கேட்கிறவர் யாராக இருந்தாலும் சரி. வருஷம் ஒரு முறை போய் எண்ணெய் விடுங்கள்.

தோல் மண்டி முதலாளி விஷயம் தெரிந்து முதலில் கோபப்பட்டார். பிறகு ஒன்பது வருஷமாக ஒரு தோலும் போகவில்லை என்பதை யோசித்துப் பார்த்துவிட்டு, உள் பக்கம் ஒரு பிடியே வைத்துவிடு என்றார். புதுப் பூட்டு மாட்டிய அன்று கோமதி ஆபீஸுக்கு வந்திருந்தாள். வேலையை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் தோல் அறைக்குள் போய் நின்று, கதவைச் சாத்து என்று அவளிடம் சொன்னேன். தயங்கினாள். பிறகு சாத்தினாள்.

இருட்டு. அந்துருண்டை வாடை. பிடி எங்கே இருக்கிறது என்று தெரியும், நான்தான் வைத்தேன். ஆனாலும் கையை உடனே நீட்டவில்லை. அவள் நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பிடியைத் திருகினேன். கதவு திறந்தது. எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்புடிப்பா இருந்துச்சு?"

"வேர்த்துருச்சும்மா," என்றேன்.